வளைவும் வாசிப்பும்: மோட்டார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

இறைவனின் செயல்களைத் திருவிளையாடல் என்று போற்றிய தமிழ் மரபு, மனிதனின் விளையாட்டை வினைக்கு மாறானதொன்றாகவே பெரும்பாலும் கருதி வந்துள்ளது. படிக்கும் பருவத்துப் பிள்ளை விளையாட்டில் ஆழ்ந்திருக்கிறான் என்றால் அது குற்றச்சாட்டாகவே கொள்ளப்படும். அவ்விளையாட்டு மின்திரையொன்றின் முன் நிகழ்வதாயின் குற்றம் இரட்டிப்பாகிவிடுகிறது. நாவலையும் சினிமாவையும் முதலில் ஐயத்தோடு நோக்கிப் பின்னர் ஆராய்ச்சிப் பொருளாக ஏற்றுக்கொண்ட தமிழ் விமர்சன உலகம், வீடியோ விளையாட்டை இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. இளைஞர் பலர் நாள்தோறும் மணிக்கணக்காக ஈடுபடும் ஒரு வடிவம் நன்றா தீதா என்று தீர்ப்புக் கூறுவதற்கு முன், அது எவ்வாறு இயங்குகிறது, ஆடுபவனுக்கு எதைக் கற்பிக்கிறது, எதை அவனிடமிருந்து மறைக்கிறது என்று வினவுதல் விமர்சனத்தின் கடமையாகும்.

அவ்வாறு வினவுவதற்கு மோட்டார்ப் பந்தய விளையாட்டு ஏற்றதொரு களமாகும். அதிற் கதையோ பாத்திரங்களோ இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு பாதை, ஒரு வாகனம், ஒரு கடிகாரம் ஆகிய மூன்றுமே போதும். 1982 இல் யப்பானின் நம்கோ நிறுவனம் வெளியிட்ட 'போல் பொசிஷன்' புஜி சுற்றுப்பாதையைத் திரைக்குக் கொண்டுவந்தது. எனினும் அன்றைய கணினிகளின் வலுவுக்கேற்ப அப்பாதை ஓர் அடையாளச் சித்திரமாகவே அமைந்தது. 1991 இல் ஜெஃப் கிரமண்ட் ஆக்கிய போர்முலா வண் விளையாட்டும், 1997 இல் வந்த 'கிரான் ரூரிஸ்மோ'வும், 1998 இல் அமெரிக்காவின் பப்பிரஸ் நிறுவனம் ஆக்கிய 'கிரான் பிறீ லெஜண்ட்ஸ்' என்பதும் நிலைமையை மாற்றின. ரயரின் பிடிமானம், வாகனத்தின் எடை சாயும் முறை, பாதையின் ஏற்ற இறக்கம் ஆகியவை கணிதமாக்கப்பட்டன. வாகனத்துக்குப் பின்னணியாக இருந்த பாதை கற்கவேண்டிய பாடமாயிற்று. கடினமானதொரு சுற்றுப்பாதையைக் கைவசப்படுத்துதலே இவ்வகை விளையாட்டுகளின் உள்ளடக்கம் எனக் கூறுதல் மிகையாகாது.

இவ்விடயத்தில் உலகெங்கும் உரைகல்லாகக் கொள்ளப்படுவது, ஜேர்மனியின் ஐபல் மலைப்பகுதியில் 1927 இல் திறக்கப்பட்ட நூர்பேர்க்கிறிங்கின் வடக்குச் சுற்றாகும். இன்றைய நிலையில் அதன் நீளம் 20.8 கிலோமீற்றர். எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளும், உச்சிக்கும் அடிக்கும் இடையே ஏறத்தாழ 300 மீற்றர் உயர வேறுபாடும் அதற்குண்டு. 1968 இல் மழையிலும் மூடுபனியிலும் ஓட்டி, அடுத்து வந்தவரை நான்கு நிமிடங்களுக்கு மேலாகப் பின்தள்ளி வென்ற ஜக்கி ஸ்ருவேட், அதனைப் 'பச்சை நரகம்' என்று அழைத்தார். 1976 ஆகஸ்ட் 1 ஆம் திகதி நிக்கி லவுடா அங்கு தீக்குள் அகப்பட்டு உயிர்பிழைத்தார். அதன் பின்னர் போர்முலா வண் பந்தயம் அப்பழைய சுற்றுக்குத் திரும்பவேயில்லை. கிரான் பிறீ லெஜண்ட்ஸ் இச்சுற்றின் 1967 ஆம் ஆண்டு வடிவத்தையும், 2004 இல் வெளிவந்த கிரான் ரூரிஸ்மோவின் நான்காம் பாகம் அதன் அண்மைக்கால வடிவத்தையும் திரையிற் பதித்தன.

இச்சுற்றின் கடினம் எதில் அடங்கியுள்ளது? வளைவுகளின் கூர்மையிலே என்பது முதற் பார்வைக்குத் தோன்றும் விடை. நுணுகி நோக்குமிடத்து அது போதாமை புலனாகும். 1967 இல் அங்கு பந்தயத்தின் தொடக்க முதலிடத்தைப் பெற்ற ஜிம் கிளாக்குக்கு ஒரு சுற்றை முடிக்க எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேலாயிற்று. அவருக்கு நிகராக ஓட்டுபவனும் ஒரு மணித்தியாலத்தில் ஒரு வளைவை ஏழு முறைக்கு மேற் சந்திக்க இயலாது. ஐந்து கிலோமீற்றர் நீளமான நவீன சுற்றொன்றிலோ அதே மணித்தியாலத்தில் நாற்பது முறை சந்திக்கலாம். ஆகவே, மீட்டுப் பயிலுவதற்கான வாய்ப்பின் அருமையே வடக்குச் சுற்றின் உண்மையான கடினமாகும். செய்த தவறைத் திருத்துவதற்கு அதே இடத்துக்கு மீண்டுவரும்போது, இடையே எழுபது வளைவுகள் அத்தவறின் நினைவை மங்கச் செய்துவிடுகின்றன.

இதனாலேயே தேர்ந்த ஆட்டக்காரர் அச்சுற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கற்கின்றனர். வளைவுகளுக்கு அங்கு பெயர்கள் உண்டு. 'ஹற்சன்பாக்' என்னும் தொடக்கப் பகுதியில் வாகனம் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே செல்லும். 'புளுக்பிளாற்ஸ்' என்னும் மேட்டில் வேகமாக வரும் வாகனத்தின் சில்லுகள் நிலத்தை விட்டெழும். 'பூக்ஸ்றோரே' பள்ளத்தை நோக்கிப் பாய்ந்திறங்கி மீண்டும் ஏறும். அந்த ஏற்றத்தின் முடிவில், வேகத்தின் களிப்பில் வருபவனை 'அடனவர் போர்ஸ்ற்' என்னும் மடக்கு வளைவு காத்திருக்கிறது. புதியவர் பலர் புல்வெளிக்குள் நேரே சென்று நிற்பது அங்கேதான். 'கறுசெல்' வளைவின் உட்பக்கம் கொங்கிறீற் இட்ட சாய்ந்த வாய்க்கால் போன்றது. ஓட்டுநருக்கு அது கண்ணிற்படுமுன்னரே வாகனத்தை அதனுள் இறக்கவேண்டும். இவற்றுள் எதனையும் பார்த்து ஓட்டுதல் முடியாது. அடுத்து வருவது யாதென்பதை முன்னரே அறிந்தவனுக்கே பாதை வசப்படும்.

இப்பயிற்சி தமிழ்க் கல்வி மரபுக்கு அந்நியமானதன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியையும் நிகண்டையும் மனனஞ் செய்தோர் பொருள் முழுவதையும் அறிந்துகொண்டு ஓதவில்லை. ஓதி ஓதியே பொருளை எட்டினர். அதிலும் பொருத்தமான ஒப்புமை அந்தாதியாகும். ஒரு செய்யுளின் முடிவு அடுத்த செய்யுளின் தொடக்கமாவது போல, ஒரு வளைவிலிருந்து வெளியேறும் இடமே அடுத்த வளைவினுள் நுழையும் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு வளைவை மட்டும் தனியே எடுத்து மிக வேகமாகக் கடந்தவன், அடுத்ததன் வாசலிற் பிழையான பக்கத்தில் நிற்கக் காண்பான். ஓரிடத்தில் வேகத்தை விட்டுக்கொடுத்தாற்றான் தொடருக்குப் பயனுண்டு என்னும் இவ்வறிவு எளிதில் வருவதன்று. அதனை ஆடுபவனின் கைக்கும் காலுக்கும் உணர்த்திவிடுதலே இவ்வகை ஆக்கங்களின் மெய்யான சாதனை எனலாம்.

பதிப்பாசிரியரின் பணியையும் இவ்விளையாட்டுகள் ஒருவகையிற் செய்கின்றன. 1970 ஆம் ஆண்டை அடுத்து வடக்குச் சுற்றின் மேடுகள் சில தணிக்கப்பட்டுப் பாதுகாப்பு வேலிகள் இடப்பட்டன. 1967 இன் சுற்று இன்று தரையில் இல்லை. கிரான் பிறீ லெஜண்ட்ஸிலே இருக்கிறது. பிரான்சின் றுவான் நகரை அடுத்திருந்த பழைய வீதிச் சுற்றுப் பந்தயத்துக்குப் பயன்படாதொழிந்துவிட்டது. அதுவும் அவ்விளையாட்டிற் காணக்கிடைக்கிறது. ஆயினும் வரலாற்று ஆவணம் என்ற வகையில் அதனைக் கையாளுவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 1967 இல் பிரெஞ்சுப் பந்தயம் றுவானில் நடைபெறவில்லை. லெ மான் நகரின் புகாற்றி சுற்றிலேயே நடைபெற்றது. சுவை குன்றிய உண்மைப் பாடத்தை நீக்கி அழகிய வேறொரு பாடத்தைச் சேர்த்த பதிப்பாசிரியரின் செயலுக்கு இது ஒப்பாகும்.

வடிவத்தின் இயல்பு இதுவாயின், அதனை மதிப்பிடும் அளவுகோல் யாது? காட்சியின் தத்ரூபம் என்று பலரும் கூறுவர். மரத்தின் இலையும் வானத்தின் முகிலும் மெய்போலத் தோன்றுதல் ஓவியத்தின் வெற்றியாகலாம். விளையாட்டின் வெற்றியைத் தீர்மானிப்பது, ஆடுபவனின் தவறை அது எவ்வாறு நடத்துகிறது என்பதே. இலங்கை மாணவர் பரீட்சைக்குமுன் பாடங்களைத் திரும்பப் படிப்பதை 'மீட்டல்' என்பர். பந்தய விளையாட்டுகளில் இரு வகையான மீட்டல்கள் உள்ளன. தவறிய சுற்றைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஓட்டிப் பயிலுதல் ஒன்று. தவறிய கணத்தைப் பின்னோக்கிச் சுழற்றி அழித்துவிடுதல் மற்றையது. பிரித்தானியாவின் கோட்மாஸ்ரேர்ஸ் நிறுவனம் 2008 இல் தனது 'கிறிட்' விளையாட்டில் இரண்டாவது வசதியை அளித்தது. பின்னர் அந்நிறுவனத்தின் போர்முலா வண் விளையாட்டுகளிலும் அது இடம்பெற்றது. சுவரில் மோதிய கார், பொத்தானொன்றை அழுத்தியதும் சில நொடிகள் பின்சென்று சிதறாத காராக மீண்டும் ஓடும்.

இவ்வசதியை முற்றாகக் கண்டித்தல் நியாயமன்று. வேலை முடிந்து களைத்துவரும் ஒருவன் அரைமணி நேரம் மகிழ்ந்திருக்க விரும்பின் அதனைத் தடுப்பார் யார்? கடினப்படி உயர உயர இம்மீட்சிகளின் எண்ணிக்கை குறைக்கப்படுவதும் குறிப்பிடத்தக்கது. எனினும் கற்றலுக்கு அதனால் விளையும் கேடு தெளிவானது. பின்னோக்கிச் சுழற்றுபவன் அவ்வொரு வளைவை மட்டும் திருத்துகிறான். அத்தவறுக்கு மூன்று வளைவுகளுக்கு முன்னர் வித்திட்ட அவசரத்தை அவன் காண்பதேயில்லை. அந்தாதியில் ஒரு செய்யுளைக் கிழித்துவிட்டு அடுத்ததைப் பாடுவது போன்றது அது. விளைவை வைத்திருக்கும் மீட்டல் அறிவாகிறது; விளைவை அழிக்கும் மீட்டல் ஆறுதலாகவே நின்றுவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான உதாரணமொன்று இதனை மேலும் தெளிவாக்கும். டெல்லிக்கு அண்மையில் ஹேர்மன் ரில்க்கே வடிவமைத்த புத் சர்வதேசச் சுற்றுப்பாதையில் முதலாவது இந்திய போர்முலா வண் பந்தயம் 2011 ஒக்ரோபர் 30 ஆம் திகதி நடைபெற்றது. கோட்மாஸ்ரேர்ஸின் அவ்வாண்டுப் பதிப்போ செப்ரெம்பர் மாதத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. 5.125 கிலோமீற்றர் நீளமும் 16 வளைவுகளுமுடைய அச்சுற்றில் உலகின் முதற்றர ஓட்டுநர் ஒருவரேனும் பந்தயம் ஓடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே, வீட்டிலிருந்த இளைஞர் அதனை ஓட்டிப் பழகிவிட்டனர். மூன்றாம் வளைவை அடுத்து வரும் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நேர்ப்பாதையின் முடிவில் எவ்விடத்திற் பிறேக்கை அழுத்துவது, பத்தாம் வளைவில் தொடங்கி நீண்டு சுழலும் வலப்பக்கத் திருப்பத்தில் எவ்வளவு பொறுமை காப்பது என்பனவெல்லாம் பந்தயத்துக்கு முன்னரே திரையிற் பயிலப்பட்டன. உரை பிறந்த பின்னர் மூலம் அரங்கேறியதாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

அவ்விளையாட்டின் ஓட்டுநர் பட்டியலில் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனின் பெயரும் உண்டு. 2005 இல் ஜோர்டன் அணியில் இணைந்து போர்முலா வண்ணை எட்டிய முதல் இந்தியரான அவர், 2011 இல் எச்.ஆர்.ரி. என்னும் ஸ்பானிய அணிக்காக ஓட்டினார். 2010 முதல் 2012 வரை மூன்று பருவங்களில் ஒரு புள்ளியேனும் பெறாத அணி அது. 2011 பருவத்தின் முதற் பந்தயத்தில், தகுதிபெறுவதற்கு வேண்டிய வேகத்தைக்கூட அதன் கார்கள் எட்டவில்லை. அக்காரோடு தாய்நாட்டுப் பந்தயத்திற் பங்கேற்ற கார்த்திகேயன் 17 ஆம் இடத்தைப் பெற்றார். அணியில் உடன் ஓட்டிய டானியல் றிக்கியாடோ அவருக்குப் பின்னால் வந்தார். பிற்காலத்திற் பல பந்தயங்களை வென்று புகழ்பெற்ற றிக்கியாடோவே அவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

விளையாட்டில் அதே காரைத் தெரிவுசெய்து, கடினப்படியைக் குறைக்காது ஓட்டுபவன் ஓர் உண்மையை உணர்வான். பாதை எல்லோருக்கும் ஒன்றே, வாகனம் ஒன்றன்று. வளைவு ஒவ்வொன்றையும் பிழையறக் கடந்த பின்னரும் நேர்ப்பாதையில் மற்றவர் தாண்டிச் செல்வதை அவன் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். திறமை மாத்திரமே வெற்றியைத் தீர்மானிக்கும் என்னும் நம்பிக்கை அங்கு தகர்கிறது. இவ்விடத்தில் விளையாட்டு சமூக யதார்த்தத்துக்கு மிக அண்மையில் வந்து நிற்கிறது. ஆனால் அடுத்த கணமே, கடினப்படியை இறக்கிவிட்டால் அதே காரிலே உலக வெற்றியாளனாகலாம் என்று அது ஆசை காட்டுகிறது. சுரண்டலைச் சித்திரித்துவிட்டு இறுதி அத்தியாயத்தில் நாயகனுக்குப் புதையல் கிடைக்கச் செய்யும் நாவலாசிரியரின் தடுமாற்றம் இது.

அச்சுற்றின் பின்வரலாறும் கவனத்துக்குரியது. உத்தரப்பிரதேச அரசு இப்பந்தயத்தை விளையாட்டாகவன்றிக் கேளிக்கையாகக் கருதி வரி விதித்தது. விளையாட்டுக்கும் கேளிக்கைக்கும் எல்லை எது என்பது வரி அலுவலகத்தின் பிரச்சினையாயிற்று. நீதிமன்றங்களின் நிழலில் வாழும் கொழும்புப் புதுக்கடை மக்களுக்கு, சொல்லொன்றின் பொருளிலே பெரும் பணம் தொங்குவது புதுமையாகத் தோன்றாது. 2013 உடன் அங்கு போர்முலா வண் பந்தயம் நின்றது. அவ்வாண்டுப் பதிப்பே அத்தொடரில் அச்சுற்று இடம்பெற்ற இறுதிப் பதிப்புமாகும்.

புதுக்கடையைக் குறிப்பிட்டது வெறும் உவமைக்காக மட்டுமன்று. இவ்வடிவம் யாருக்காக என்னும் வினாவை அங்கிருந்து எழுப்பினாலன்றி இவ்விமர்சனம் முழுமைபெறாது. மோட்டார்ப் பந்தயம் இலங்கைக்குப் புதியதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. தோட்டத்துரைமார் காலத்திற் பிறந்த அப்பொழுதுபோக்கு, வாகனமும் ஓய்வும் உள்ளவர்களுக்கே உரியதாயிருந்தது. மலைவீதியை வெட்டியவர்களின் பரம்பரை அதன் ஓரத்தில் நின்று பார்த்தது. புதுக்கடையிலோ கொட்டாஞ்சேனையிலோ முச்சக்கர வண்டியும் கைவண்டியும் உரசிச்செல்லும் ஒழுங்கையில் வளரும் இளைஞனுக்குச் சொந்தக் கார் என்பதே தூரத்துக் கனவு. 2020 மார்ச் முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டிற்குள் தனியார் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டிருந்தது. அத்தகையவன் ஜேர்மனிய மலைவீதியின் ஒவ்வொரு மேட்டையும் மனனமாய் அறிந்திருத்தல் முன்னொருபோதும் நிகழ்ந்திராத ஒன்று. அவ்வகையில் இவ்விளையாட்டுகள் ஒரு வேலியைத் தகர்த்துள்ளன என்பதை மறுக்கவியலாது. ஆனால் தகர்ந்தது அறிவின் வேலி. உடைமையின் வேலி அப்படியே இருக்கிறது. ஸ்ரியறிங்கும் மிதிகளும் வைத்துப் பயில்பவனுக்கும், பழைய கைப்பொறியொன்றின் பொத்தானை அழுத்துபவனுக்கும் இடையே திரைக்கு முன்னாலும் வர்க்கம் குந்தியிருக்கிறது.

இவ்வேலியைக் கடந்தோர் சிலர் உளர். 2008 இல் நிசான் நிறுவனமும் சொனி நிறுவனமும் கிரான் ரூரிஸ்மோ ஆட்டக்காரரிலிருந்து உண்மையான பந்தய ஓட்டுநரைத் தெரிந்தெடுக்கும் திட்டமொன்றைத் தொடங்கின. 2011 இல் அவ்வாறு தெரிவானவர் பிரித்தானிய இளைஞரான ஜான் மாடன்பரோ. திரையிற் பெற்ற தேர்ச்சி மெய்யான தேர்ச்சியே என்பதற்கு அவர் சான்றானார். 2013 இல் லெ மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்ற அணியில் அவரும் ஒருவர். 2015 மார்ச் 28 ஆம் திகதி வடக்குச் சுற்றில் அவர் ஓட்டிய கார், மேலே கூறப்பட்ட அதே புளுக்பிளாற்ஸ் மேட்டில் காற்றில் எழுந்து, கவிழ்ந்து, வேலியைத் தாண்டி வீழ்ந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அம்மேடு செப்பனிடப்பட்டது. திரையில் ஆயிரக்கணக்கானோர் ஆயிரக்கணக்கான முறை எழுந்து வீழ்ந்து மீண்ட இடம் அது. மெய்யான வீதியில் ஒரு முறை போதுமாயிருந்தது.

2023 இல் வெளிவந்த 'கிரான் ரூரிஸ்மோ' திரைப்படம் மாடன்பரோவின் கதையைச் சொல்கிறது. 2015 இன் அவ்விபத்தை அது 2013 இன் லெ மான் வெற்றிக்கு முன்னே நகர்த்தி, நாயகன் சோர்ந்து பின் எழுவதற்கான படியாக்கிவிட்டது. கால ஒழுங்கை மாற்றுதல் கலைஞனின் உரிமை என வாதிடலாம். ஆயின் மாற்றப்பட்டது வெறும் ஒழுங்கன்று. வெற்றிக்குப் பின் நேர்ந்த மரணத்துக்கு விளக்கம் இல்லை. வெற்றிக்கு முன் வைக்கப்பட்ட மரணத்துக்கோ பயன் உண்டாகிவிடுகிறது. திரைப்படம் இங்கு செய்திருப்பது, பொத்தானை அழுத்திக் கணத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் அதே செயலைத்தான்.

இதன் கனத்தை உணர ஐபல் மலைக்குச் செல்லவேண்டியதில்லை. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்திற் பாதையை விட்டு விலகிய கார் கூட்டத்தினுட் பாய்ந்ததில், பார்வையாளரும் போட்டிப் பணியாளருமாக ஏழு பேர் உயிரிழந்தனர். விளையாட்டுகளிலே பாதையோரத்துக் கூட்டம் வண்ணம் பூசிய பின்னணியாகவே இருந்துவருகிறது. காரின் கதவு நசுங்குவதைக் கணித்துக் காட்டும் கணினி, வேலிக்கு அப்பால் நிற்பவனைக் கணக்கில் எடுப்பதில்லை. சாவை நீக்கியதாலேயே ஓட்டுநனின் கல்வி சாத்தியமாயிற்று என்பது உண்மை. அந்நீக்கத்தோடு மற்றவனும் நீக்கப்பட்டுவிட்டான் என்பதே இவ்வடிவத்தின் ஆழமான குறை.

தொகுத்து நோக்கின், மோட்டார்ப் பந்தய விளையாட்டை நேரத்தின் வீண்விரயமென ஒதுக்குவோரும், வருங்காலத்தின் பெருங்கலையென வியப்போரும் அதனை ஆடிப் பாராதவர்களேயாவர். வடக்குச் சுற்றைத் தவறின்றி ஒருமுறை ஓட்டி முடித்தவன் பொறுமை, நினைவு, விட்டுக்கொடுப்பு ஆகிய மூன்றையும் ஓரளவு கற்றே முடித்திருப்பான். அக்கல்வி மெய்யானது. அதனைப் புகட்டும் ஆக்கம், ஆடுபவனின் தவறை அழித்துவிடாது அவன் முன்னே நிறுத்துமாயின் நல்ல ஆக்கமாகும். வாகனங்களுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வை மறைக்காதாயின் மேலும் நல்லதாகும். வேலிக்கு அப்பால் நிற்பவனையும் மனிதனாகக் காட்டும் ஆக்கமே இவ்வடிவத்தை முழுமையாக்கும். மகாகஸ்தோட்டையின் மலைவீதியையும் தியத்தலாவையின் மண்பாதையையும் ஒருநாள் கணினியில் வரைய முற்படும் இலங்கை இளைஞர், வளைவுகளை அளப்பதோடு நின்றுவிடாது, வீதியோரத்தில் நிற்போரையும் எண்ணிக்கொள்ளுதல் வேண்டும்.